பொறிவல்லார் ஜி. டி. நாயுடு

கொங்கு நாடு உழவுக்கும் வாணிகத்துக்கும் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. பருத்தியும் சோளமும் விளைவித்த அந்நாட்டு மக்கள் சென்ற நூற்றாண்டில் பொறித்தொழிலிலும் முதன்மை எய்தினர். கோவையில் செய்யப்படும் நீரேற்றும் பம்புகளும் மின்மோட்டார்களும் இன்று இந்தியாவின் பல பகுதிகளுக்கும் செல்கின்றன. இவ்வளர்ச்சிக்கு வித்திட்டோர் பலர். அவருள் ஒருவர், கல்லூரி வாயிலை மிதியாது, ஒரு மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பார்த்தே பொறியியல் கற்றவர். கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது அவரது முழுப்பெயர். ஜி. டி. நாயுடு என்னும் சுருக்கப் பெயரே நாடறிந்தது.

சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், உழவர் குடியில், 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் இவர் பிறந்தார். பள்ளிப் படிப்பில் இவர் மனம் பொருந்தவில்லை. தொடக்கப்பள்ளி அளவிலேயே அதனை விட்டு நீங்கினார். பள்ளியை விட்டாரேயன்றிக் கற்பதை விட்டாரல்லர். கைக்கு எட்டிய நூல்களைத் தாமே படித்தார்; கண்ணிற்பட்ட பொருள் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறியும் வரை அவ்விடத்தை விட்டு அகலாத இயல்பு அவரிடம் இளமையிலேயே இருந்தது.

அக்காலத்தில் கலங்கல் போன்ற ஊர்ச் சாலைகளில் செல்வன மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளுமே. ஒரு நாள் ஆங்கிலேய வருவாய்த்துறை அலுவலர் ஒருவர் அவ்வழியே மோட்டார் சைக்கிளில் வந்தார். இழுக்க மாடில்லை, மிதிக்க வேண்டுவதில்லை, படபடவென்னும் ஓசையுடன் புழுதி எழுப்பிக்கொண்டு ஒரு வண்டி தானே ஓடியது. ஊரார் வியந்து நின்றனர்; வியப்பு அடங்கியபின் தத்தம் வேலைக்குத் திரும்பினர். துரைசாமியின் வியப்போ அடங்கவில்லை. அவ்வண்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கண்டாலன்றி அமைதி இல்லை என்ற நிலைக்கு அவர் வந்துவிட்டார்.

பிறர் வண்டியைத் திறந்து பார்க்க இயலாது. தமக்கென ஒன்று வேண்டும். அதற்குப் பொருள் வேண்டும். எனவே கோவைக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பணியாளராக அமர்ந்தார். வந்தோர்க்கு உணவு பரிமாறுவதும் மேசை துடைப்பதும் வேலை. நிலமுடைய உழவரின் மகன் பிறர் எச்சில் இலை எடுப்பதா என்று உற்றார் வருந்தக்கூடிய காலம் அது. அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. பெற்ற ஊதியத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். 300 ரூபாய் சேர்ந்தது. அந்த ஆங்கிலேயரிடமே சென்று அவ்வண்டியை விலைக்கு வாங்கினார்.

அந்நாளில் 300 ரூபாய் சிறு தொகையன்று. ஆண்டுக் கணக்கில் உழைத்து ஈட்டிய பொருள் முழுவதையும் ஒரே பொருளில் இட்டவர், அதன்மீது ஏறி ஊரை வலம் வந்து மகிழ்வார் என்றே எவரும் எண்ணுவர். அவர் அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். மீண்டும் பூட்ட முடியாமற் போனால் உழைப்பு அனைத்தும் பழைய இரும்புக் கடைக்குத்தான். அருகிருந்து சொல்லித்தர ஆசிரியர் இல்லை. ஓர் ஆணி தொலைந்தால் வேறு ஆணி கோவையில் கிடைப்பதும் அரிது.

அவ்வண்டி இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் செய்யப்பட்ட ரட்ஜ் என்னும் வகையினது. அக்காலத்து ரட்ஜ் வண்டிகளின் பொறி ஒரே உருளையை உடையது. பெட்ரோல் பொறியின் இயல்பை அறிய ஒற்றை உருளைப் பொறியைவிடச் சிறந்த பாடநூல் இல்லை எனலாம். இன்று பூங்காக்களில் புல் வெட்டும் சிறு பொறியும் இத்தகையதே. அளவிலும் அமைப்பிலும் வேறுபாடு உண்டு, அடிப்படை ஒன்றுதான்.

மாணவர்களே, அவ்வடிப்படையைச் சிறிது காண்போம். உருளையினுள் பிஸ்டன் என்னும் உறுப்பு மேலும் கீழும் இயங்குகிறது. அது முதன்முறை கீழிறங்கும்போது, பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்படுகிறது. மேலேறும்போது அக்கலவை நெருக்கப்படுகிறது. நெருங்கிய நிலையில் ஸ்பார்க் பிளக்கில் ஒரு மின்பொறி தோன்றுகிறது. கலவை கணத்தில் எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மீண்டும் மேலேறும் பிஸ்டன் எரிந்த புகையை வெளியேற்றுகிறது. நான்கு அசைவுகளில் ஒன்றுதான் ஆற்றல் தருவது. ஏனைய மூன்றும் கனமான சக்கரத்தின் சுழற்சியால் நடைபெறுவன. கலவையைச் சரியான அளவில் ஆக்கித் தருவது கார்புரேட்டர். மின்பொறியை உண்டாக்கும் மின்சாரத்தைத் தருவது மாக்னெட்டோ. வாயில்களை உரிய நேரத்தில் திறந்து மூடுவன வால்வுகள்.

ஆகவே ஒரு பெட்ரோல் பொறி இயங்க மறுத்தால், அறிந்தவன் மனம் போனபடி ஆணிகளைத் திருகமாட்டான். பெட்ரோல் வருகிறதா, மின்பொறி பறக்கிறதா, நெருக்கம் இருக்கிறதா என மூன்றையும் முறையே ஆராய்வான். கார்புரேட்டரின் நுண்துளையில் தூசி அடைத்திருந்தால் முதலாவது கெடும். ஸ்பார்க் பிளக்கின் முனையில் கரி படிந்தால் இரண்டாவது கெடும். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் தேய்ந்தாலோ, வால்வுகள் பொருந்தி அமராவிடினோ மூன்றாவது கெடும். நெடுநாள் தொட்டியிற் கிடந்து பழுதுபட்ட பெட்ரோலும் இடர் தரும். புல்வெட்டும் பொறியைத் திறக்குமுன் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிட வேண்டும் என்பது முதல் விதி. இல்லையேல் வெட்டும் அலகைக் கையால் திருப்பும்போது பொறி எழுந்து விரலைக் கொய்துவிடும்.

கழற்றுவது எளிது, கழற்றிய முறையை நினைவிற் கொள்வதே அரிது. எங்கள் புதுவை நெல்லித்தோப்பில் இருசக்கர வண்டிகளைச் செப்பனிடும் பட்டறைகளின் வழியே செல்லும்போது இதனைக் காண்கிறேன். தேர்ந்த தொழிலாளி, தரையில் விரித்த பழைய செய்தித்தாளின்மீது, கழற்றிய ஒவ்வோர் உறுப்பையும் கழற்றிய வரிசையிலேயே வைக்கிறான். பூட்டும்போது அவ்வரிசையைப் பின்னிருந்து தொடங்குகிறான். தமிழிலக்கணம் பயின்றார்க்கு இம்முறை புதிதன்று. ஒரு வினைச்சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் எனப் பிரித்து, ஒவ்வொன்றும் என்ன தொழில் செய்கிறது எனக் கண்டு, மீண்டும் சேர்த்துப் பார்ப்பது பகுபத உறுப்பிலக்கணம். நாயுடு இரும்பில் அவ்விலக்கணம் கண்டார். உறுப்பு எதற்கென அறிந்தபின்பே அதனை அதன் இடத்தில் வைத்தார். பூட்டிய வண்டி மீண்டும் இயங்கிற்று. அன்று முதல் அவர் வண்டி ஓட்டுபவர் மட்டுமல்லர், பொறி அறிந்தவர்.

எனினும் அவர் உடனே பொறித்தொழிலில் நிலைத்துவிடவில்லை. பஞ்சு வாணிகத்தில் இறங்கி நிறையப் பொருள் ஈட்டினார். அதனைப் பெருக்க எண்ணிப் பம்பாய் சென்று அங்கே பெரிதும் இழந்தார். வெறுங்கையராய்த் திரும்பியவருக்கு உதவியது முன்னர்க் கற்ற கல்வியே. கோவையில் தொழில் நடத்தி வந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர் துணைசெய்ய, 1920ஆம் ஆண்டில் ஒரு பேருந்தைப் பெற்றுப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டலானார்.

ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடைய அவ்வழி, பழனி முருகனை வழிபடச் செல்வோர் பலர் நாடும் வழி. அந்நாளைய சாலையோ மண்ணும் சரளையும் நிறைந்தது. வண்டிச் சக்கரம் எழுப்பும் புழுதி கார்புரேட்டர் வழியே பொறிக்குள் புகும். உருளையையும் பிஸ்டனையும் அரைத்துத் தேய்க்கும். வெயிலில் பொறியின் நீர் கொதிக்கும். நடுவழியில் நின்றுவிட்ட பேருந்திலிருந்து இறங்கிப் பயணிகள் தள்ளுவது அக்காலத்தில் இயல்பான காட்சி. புறப்படும் நேரம் என்று ஒன்று இருந்தாலும் போய்ச்சேரும் நேரத்தை ஒருவரும் உறுதி கூறார்.

நாயுடு இந்நிலையை ஏற்கவில்லை. பேருந்து சொன்ன நேரத்தில் புறப்பட்டுச் சொன்ன நேரத்தில் சேர வேண்டும் என்றார். இது ஓட்டுநரின் விரைவால் ஆவதன்று. பழுது நேர்ந்தபின் செப்பனிடுவதினும், பழுது நேருமுன் பொறியைத் திறந்து துடைத்து, தேய்ந்த உறுப்பை மாற்றி, எண்ணெய் புதுக்கி வைப்பதாலேயே ஆவது. ஒரு பேருந்து பலவாயிற்று. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் அவரது நிறுவனம், சில ஆண்டுகளில் நாட்டிலேயே திறம்பட நடக்கும் பேருந்து நிறுவனங்களுள் ஒன்றெனப் புகழ் பெற்றது. யு. எம். எஸ். என்ற மூன்றெழுத்துக் கொங்கு நாட்டில் நேரந்தவறாமைக்கு மறுபெயராயிற்று.

பொறியைச் செப்பனிடத் தெரிந்தவர்க்குப் பொறியைச் செய்யவும் ஆவல் எழுதல் இயல்பே. கோவைப் பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் என்னும் தொழிற்கூடம் கண்டார். 1937இல் இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் அங்கிருந்து வெளிவந்தது. அதன் அமைப்பை வகுத்த அறிஞர் டி. பாலசுந்தரம் நாயுடு என்பதையும் இங்கே சொல்லுதல் முறை. பெருமை முழுவதையும் ஒருவர்க்கே சூட்டுவது வரலாறாகாது. நாயுடு பன்முறை மேனாடுகளுக்குச் சென்று வந்தார். சிறு மோட்டாரால் இயங்கும் ரேசண்ட் என்னும் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் ஓடும் விசிறி, வாக்குப்பதிவு செய்யும் பொறி என அவர் ஆக்கியவை பல. பதினொரு மணி நேரத்தில் ஒரு வீடு கட்டி முடித்தார் என்ற செய்தியும் உண்டு. இவற்றை எண்ணியே அவரை இந்தியாவின் எடிசன் என்பர். அயல்நாட்டார் பெயரைச் சூட்டித்தான் நம்மவரைப் பெருமைப்படுத்த வேண்டுமோ என்பது என் ஐயம்.

1945ஆம் ஆண்டில், சென்னை மாநில ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால், கோவையில் பொறியியற் கல்லூரி ஒன்று நிறுவப்பட்டது. அதற்குப் பொருளும் உழைப்பும் நல்கியவர் நாயுடு. அதன் முதல்வராகவும் அமர்ந்தார். தொடக்கப்பள்ளியை விட்டகன்றவர் கல்லூரி முதல்வரானது வியப்பே. ஆயினும் அப்பதவி நீடிக்கவில்லை. நான்கு ஆண்டுப் படிப்பு காலத்தை வீணாக்கும். பட்டறையில் கையால் செய்து கற்றால் இரண்டு ஆண்டே போதும் என்பது அவர் கொள்கை. அரசு இசையவில்லை, அவர் பதவியை விட்டு விலகினார். தம் கையால் கற்றவர் அவ்வாறு எண்ணியது பொருந்தும். ஆனால் எல்லார்க்கும் அவருடைய கையும் கண்ணும் வாய்த்தல் அரிது. பல்லாண்டு மாணவரோடு பழகிய எனக்கு நான்கு ஆண்டும் குறைவாகவே தோன்றுகிறது. அக்கல்லூரியே இன்று கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது.

1952இல் இருவர் அமர்ந்து செல்லும் சிறு பெட்ரோல் கார் ஒன்றை அவர் ஆக்கினார். அதன் விலை 2,000 ரூபாயே. நடுத்தரக் குடும்பத்தினரும் கார் வைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. அதனைப் பெருமளவில் செய்ய அரசின் உரிமம் கிடைக்கவில்லை. கார் அந்த அளவில் நின்றது. வரிச்சுமையும் அவரைப் பெரிதும் வருத்திற்று. 1950களின் முற்பகுதியில், தாம் செய்த கருவிகள் சிலவற்றைப் பலரும் காணத் தாமே உடைத்துத் தம் எதிர்ப்பைக் காட்டினார். அவர் சினத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எனினும் ஓர் ஆணியும் தொலையாமல் ஒரு வண்டியைக் கழற்றிப் பூட்டிய கைகள் சம்மட்டி எடுத்ததை எண்ணும்போது நெஞ்சு வருந்துகிறது.

அதன் பின்னரும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பருத்தி, பப்பாளி முதலிய பயிர்களில் புதிய வகைகளை ஆராய்ந்தார், சர் சி. வி. இராமன், விசுவேசுவரய்யா போன்ற அறிஞர்கள் அவரது பண்ணையைக் கண்டு சென்றனர். 1967இல் பொதுமக்கள் கண்டு கற்கத் தொழிற்பொருட்காட்சி ஒன்றை அமைத்தார். 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள், தம் 80ஆம் வயதில், நாயுடு இயற்கை எய்தினார். கோவை அவினாசிச் சாலையில் அவர் பெயர் தாங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே மாணவர்கள் பழைய மோட்டார் வண்டிகளை வரிசையாகக் காணலாம்.