வேண்டாம் என்று ஒதுக்கிய துறைக்கே இயக்குநர்... யார் இந்த எட் ராபர்ட்ஸ்?

கழுத்துக்குக் கீழே கிட்டத்தட்ட எதுவும் அசையாது. மூச்சு விடவே மெஷின் வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் காப்பகம். இதுதான் அன்றைய அமெரிக்காவின் நினைப்பு. உதவிக்கு ஒரு ஆள் இருந்தால் வீட்டிலேயே வாழலாமே என்று வாழ்ந்து காட்டியவர்தான் எட் ராபர்ட்ஸ்.

1939-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். 1953-ல், 14 வயதில் போலியோ தாக்கியது. தடுப்பூசி வந்தது 1955-ல்... இரண்டே வருஷம் முன்னாடி வந்திருந்தால்! வாழவே பிடிக்காமல் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். கூடவே இருந்து கட்டாயப்படுத்தி ஊட்டிய கடைசி நர்ஸும் போன பிறகு, தானாகவே சாப்பிடத் தொடங்கினார். இனி நம்ம முடிவை நாமதான் எடுக்கணும் என்று தோன்றியது அப்போதுதான்.

பள்ளிப் படிப்பை டெலிபோன் வழியாகவே முடித்தார். ஆனால் உடற்பயிற்சியும் கார் ஓட்டும் பயிற்சியும் முடிக்கவில்லை என்று சொல்லி சான்றிதழ் தர மறுத்தது பள்ளி. (ஆமாம், கார் ஓட்டும் பயிற்சி!) அம்மா ஜோனா விடாமல் போராடி வாங்கிக் கொடுத்தார்.

அடுத்தது காலேஜ். இவ்வளவு ஊனம் உள்ளவருக்கு எங்கே வேலை கிடைக்கும் என்று படிப்புச் செலவைத் தர முதலில் மறுத்தது மாநில மறுவாழ்வுத் துறை. விஷயம் செய்தித்தாள்களுக்குப் போனதும் இறங்கி வந்தது. 1962-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இரவில் அவர் படுக்கும் 'இரும்பு நுரையீரல்' சுமார் 360 கிலோ. அந்தக் கனத்தை ஹாஸ்டல் தாங்காது. அதனால் வளாகத்து ஆஸ்பத்திரியிலேயே தங்கினார். பின்னாலேயே இன்னும் சில மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அங்கேதான் விஷயமே இருக்கிறது. குளிப்பாட்ட, உடுத்திவிட, ஊட்டிவிட வரும் உதவியாளரை நர்ஸோ டாக்டரோ அனுப்பவில்லை. அரசு உதவித்தொகையை வைத்து அந்த மாணவர்களே ஆள் பிடித்தார்கள், வேலை சொல்லிக்கொடுத்தார்கள், சரிப்படாதவரை நிறுத்தினார்கள். நோயாளியாகக் கிடந்தவர் முதலாளி ஆனார்! இடையில் ராபர்ட்ஸுக்குக் காதல் வந்தது. எந்நேரமும் பின்னால் ஒருத்தர் தள்ளிக்கொண்டே வந்தால் எப்படி? அதற்காகவே மோட்டார் வீல்சேர் ஓட்டப் பழகினார்.

இதையே ஊருக்குள் கொண்டுபோனது 1972-ல் உருவான பெர்க்லி 'சுதந்திர வாழ்வு மையம்'. உதவியாளர் தேடித் தருவது, வீல்சேர் ரிப்பேர், வாடகை வீடு பார்ப்பது எல்லாம் அங்கே நடந்தது. நடத்தியவர்களில் பெரும்பாலோர் மாற்றுத்திறனாளிகள். மையத்தின் ஆரம்பகாலத் தலைவர்களில் ஒருவர் ராபர்ட்ஸ்.

1975-ல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன், ராபர்ட்ஸை மறுவாழ்வுத் துறை இயக்குநராக நியமித்தார். ஒரு காலத்தில் அவரைத் தட்டிக் கழித்த அதே துறை! பதவியில் இருந்தபோது மாநிலத்தின் பல ஊர்களில் இப்படிப்பட்ட மையங்கள் திறக்க வழி செய்தார். 1983-ல் ஜூடி ஹியூமன், ஜோன் லியோன் ஆகியோருடன் சேர்ந்து 'உலக மாற்றுத்திறனாளிகள் நிறுவனம்' தொடங்கினார். வீட்டு உதவியாளருக்கு அரசு பணம் தர வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று.

1995 மார்ச் 14-ல், 56 வயதில் இறந்தார். அவருடைய வீல்சேர் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோரிக்கை மட்டும் பாதியில் நிற்கிறது. அங்கே ஏழைகளுக்கான மெடிகெய்டு திட்டத்தில் முதியோர் காப்பகச் செலவை மாநிலங்கள் கட்டாயம் ஏற்க வேண்டும். வீட்டுப் பராமரிப்பில் பெரும்பகுதியோ அந்தந்த மாநிலத்தின் விருப்பம். பல மாநிலங்களில் அதற்குக் காத்திருப்போர் பட்டியலே உண்டு.