மண்ணில் கிடைத்த பொன்மருந்து

சென்னை மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவக் கூடத்திற்குள் மாணவர் ஒருவர் கதராடை அணிந்து சென்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அயல்நாட்டுத் துணியைத் துறந்தவர் அவர். அது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. விளைவு, தேர்வைச் சிறப்பாக எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மாறாக, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. அம்மாணவரே எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அவர் 1895இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். வறுமை சூழ்ந்த இளமை. மெட்ரிகுலேஷன் தேர்விலும் மூன்றாம் முயற்சியில்தான் வெற்றி பெற்றார். ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் அவருடைய உடன்பிறந்தார் இருவரைச் சில நாள் இடைவெளியில் கொண்டுசென்றது. அந்நோய்க்கு அன்று உரிய மருந்தில்லை. மருந்து தேடும் வேட்கை அவருள் வேரூன்றியதில் வியப்பென்ன?

1923இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். பகலில் ஹார்வர்டில் கல்வி. இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவும் பணி. தாம் முகம் காணாத மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்த செய்தி அங்கேதான் அவரை எட்டியது. ஹார்வர்டில் அரிய ஆய்வுகள் செய்தும் நிலையான பதவி வாய்க்கவில்லை. 1940இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்து, அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினர். உடன்பிறந்தாரை மாய்த்த ஸ்ப்ரூ நோய்க்கு அதுவே மருந்தாயிற்று. புதுச்சேரி மக்கள் நன்கறிந்த யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரசான் மருந்தும் அக்குழுவின் கொடையே.

நுண்ணுயிர் எதிரி மருந்துகளின் தொடக்கக் காலம் அது. ஃபிளெமிங் 1928இல் கண்டறிந்த பெனிசிலின், கிருமிகளுள் ஒருசாராரையே அடக்கியது. காசநோயை எதிர்த்த ஸ்ட்ரெப்டோமைசினையோ ஊசிவழியே செலுத்த வேண்டியிருந்தது. கிருமிகளும் அதற்கு விரைவில் பழகிக்கொண்டன. பலவகைக் கிருமிகளை அடக்குவதும் வாய்வழியே உட்கொள்ளத்தக்கதுமான மருந்தொன்று தேவைப்பட்டது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் தம்முள் போரிடுகையில் சுரக்கும் பொருள்களுள் அது கிடைக்கலாம் எனக் கருதிப் பல ஊர்களின் மண் திரட்டப்பட்டது. எழுபது வயது கடந்த தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கர் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஓய்வுபெற்ற முதியவரை நம்பி அப்பணியில் அமர்த்தியதும் சுப்பாராவின் தொலைநோக்கே. மிசௌரிப் பல்கலைக்கழக வயல் மண்ணில் பொன்னிற நுண்ணுயிர் ஒன்று தென்பட்டது. அது சுரந்த பொருள், பொன்னைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஆரியோமைசின் எனப் பெயர் பெற்றது. டெட்ராசைக்ளின் மருந்துக் குடும்பத்தின் முதல் உறுப்பு அது.

1948 ஜூலையில் அம்மருந்து அறிஞர் அவையில் அறிவிக்கப்பட்டது. புகழ் டக்கரைச் சேர்ந்தது. சுப்பாராவ் அடுத்த மாதமே, 53ஆம் வயதில், உறக்கத்தில் உயிர்நீத்தார். கடல்கடந்த பின் அவர் தாய்மண்ணை மீண்டும் மிதிக்கவேயில்லை. 1994இல் சூரத்தில் பிளேக் அச்சம் பரவியபோது, நகர மக்கள் தேடித்தேடி வாங்கியது டெட்ராசைக்ளின் மாத்திரையைத்தான்.