குழந்தையிடம் தொடங்கும் அமைதி

நுழையும்முன்

போர் ஓய்ந்ததும் நாடுகள் உடன்படிக்கை செய்துகொள்கின்றன. அவற்றுள் பல, அடுத்த போர் வரையே நிலைத்தன என்பது வரலாறு காட்டும் உண்மை. அமைதி ஆள்வோரின் கையொப்பத்தில் பிறக்கிறதா, மக்களின் மனத்தில் வளர்கிறதா? இவ்வினாவுக்கு விடை தேடிய மருத்துவர் ஒருவர், இரண்டாம் உலகப்போர் நடந்த காலத்தில் சென்னையின் தென்பகுதியில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். அவர் மரியா மாண்டிசோரி.

தடைகளைக் கடந்த மருத்துவர்

இத்தாலி நாட்டின் கியாராவல்லே என்னும் சிற்றூரில் 1870 ஆகஸ்டு 31 அன்று மாண்டிசோரி பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த காலம் அது. தந்தைக்கு அதில் உடன்பாடில்லை, தாய் துணைநின்றார். 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற மாண்டிசோரி, அதே ஆண்டில் பெர்லினில் நடைபெற்ற அனைத்துலகப் பெண்கள் மாநாட்டில் தம் நாட்டின் பேராளராகக் கலந்துகொண்டார். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் வேண்டும் என்று அங்கு வாதிட்டார்.

மனநலக் காப்பகங்களில் அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தைகள் அடைத்துவைக்கப்பட்டிருந்ததை அவர் கண்டார். அவர்களுக்கு மருந்தைவிடக் கல்வியே முதன்மையான தேவை என்று உணர்ந்து, அவர்கள் பயில்வதற்குரிய கருவிகளை உருவாக்கினார். அக்குழந்தைகள் எழுதவும் படிக்கவும் கற்றனர். பாராட்டுகள் குவிந்தபோது மாண்டிசோரியின் மனத்தில் வேறொரு வினா எழுந்தது. இக்குழந்தைகளே இவ்வளவு கற்கும்போது, பள்ளிகளில் பயிலும் ஏனைய குழந்தைகளின் வளர்ச்சியைத் தடுப்பது எது என்று சிந்தித்தார்.

சான் லோரென்சோவில் ஓர் இல்லம்

அவ்வினாவுக்கு விடை காணும் வாய்ப்பு 1907 ஜனவரி 6 அன்று கிடைத்தது. ரோம் நகரில் உழைக்கும் ஏழை மக்கள் வாழ்ந்த சான் லோரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லம் ஒன்றை அவர் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த சிறுவர்களே அவரின் முதல் மாணவர்கள்.

பரிசு, தண்டனை ஆகிய இரண்டும் அங்கு விலக்கப்பட்டன. குழந்தையின் உயரத்திற்கேற்ற மேசையும் நாற்காலியும் செய்யப்பட்டன. உப்புத்தாளால் ஆன எழுத்துகளை விரலால் தடவி, குழந்தைகள் அவற்றின் வடிவத்தை அறிந்தனர். கற்றல் கருவி ஒவ்வொன்றிலும் ஒன்று மட்டுமே வைக்கப்பட்டது. ஒரு குழந்தை அதைப் பயன்படுத்தும்போது மற்றொரு குழந்தை காத்திருக்க வேண்டும். பறித்தல் தவறு என்று யாரும் அறிவுரை கூறவில்லை. காத்திருக்கும் பண்பும் பிறர் உரிமையை மதிக்கும் பண்பும் அன்றாடப் பழக்கத்தால் வளர்ந்தன. வன்முறையற்ற வாழ்வின் முதற்பாடம் அதுவே என்பதை மாண்டிசோரி பின்னாளில் விரித்துரைத்தார்.

சர்வாதிகாரத்துடன் முரண்

மாண்டிசோரி கல்விமுறை விரைவில் உலகெங்கும் பரவியது. 1931இல் வட்டமேசை மாநாட்டிற்காக இலண்டன் சென்ற காந்தியடிகள், அங்கு மாண்டிசோரி பயிற்சிக் கல்லூரியில் உரையாற்றினார். உலகில் உண்மையான அமைதி மலர வேண்டுமெனில் குழந்தைகளிடமிருந்தே தொடங்க வேண்டும் என்னும் கருத்தை அவர் அங்கு வலியுறுத்தினார். இக்கல்வி இந்தியாவின் ஏழைக் குழந்தைகளையும் எட்ட வேண்டும் என்பது அவர் விருப்பமாயிருந்தது.

இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி தொடக்கத்தில் மாண்டிசோரி பள்ளிகளுக்கு ஆதரவளித்தார். ஆனால், தாமே சிந்தித்து முடிவெடுக்கும் குழந்தை, கட்டளைக்குக் கீழ்ப்படியும் போர்வீரனாக வளர்வதில்லை. இம்முரண் முற்றியதால் 1934இல் அங்குள்ள பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியிலும் அதே நிலை ஏற்பட்டது. மாண்டிசோரி வாழ்ந்துவந்த பார்சிலோனாவில் 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அவர் அங்கிருந்து வெளியேறி நெதர்லாந்தில் குடியேறினார்.

ஒவ்வோர் ஊரிலிருந்தும் வெளியேற நேர்ந்தபோதும் அவருடைய குரல் ஓயவில்லை. 1937இல் கோபன்ஹேகனில் நடந்த மாநாட்டில் அமைதிக்கான கல்வியையே பொருளாகக் கொண்டு உரைகள் நிகழ்த்தினார். போர் நிகழாதிருத்தல் மட்டும் அமைதியாகாது. வென்றவர் தோற்றவரை அடக்கிவைத்திருக்கும் நிலையும் அமைதியாகாது. நீதியின்மேல் கட்டப்படும் மனித உறவே அமைதி என்பது அவருடைய கொள்கை. போரைத் தவிர்ப்பது அரசியலின் பணி, அமைதியைக் கட்டியெழுப்புவது கல்வியின் பணி என்று அவர் கருதினார்.

அடையாற்றில் பயிற்சி

அந்நாளில் சென்னையின் தென்பகுதி உலக மக்கள் கூடும் இடமாகவும் விளங்கியது. 1938 டிசம்பரில் தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் அனைத்துலகக் கிறித்தவ மாநாடு நடைபெற்றது. அப்போது போரிட்டுக்கொண்டிருந்த சீனா, ஜப்பான் ஆகிய இரு நாடுகளின் பேராளர்களும் அதில் ஒன்றாக அமர்ந்தனர். அதற்கு அடுத்த ஆண்டு, பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், அவர்தம் துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று மாண்டிசோரி அடையாற்றுக்கு வந்தார்.

1939 நவம்பரில் வந்துசேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்பது. சில மாதங்களில் திரும்பிவிடும் எண்ணத்துடன் வந்தார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் 300க்கும் மேற்பட்டோர் பயிற்சிக்குத் திரண்டனர். ஓலைக்கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன. அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

கருவிகளைக் கையாளும் முறையோடு அப்பயிற்சி நின்றுவிடவில்லை. ஆசிரியர் முதலில் தம் சினத்தையும் செருக்கையும் களைய வேண்டும்; குழந்தையை ஆள முற்படாமல் பொறுமையுடன் உற்றுநோக்க வேண்டும்; தேவைப்படும்போது மட்டும் உதவிவிட்டு விலகிநிற்க வேண்டும். பெரியவர் குழந்தையின்மீது செலுத்தும் அடக்குமுறையே பிற அடக்குமுறைகளுக்கெல்லாம் விதையாகிறது என்பதால், ஆசிரியரின் மனமாற்றத்தையே பயிற்சியின் முதற்படியாக அவர் வைத்தார்.

எதிரி நாட்டவர் என்னும் முத்திரை

1940 ஜூன் 10 அன்று இத்தாலி போரில் இறங்கியது. ஆங்கிலேய ஆட்சியின் பார்வையில் இந்தியாவிலிருந்த இத்தாலியர் அனைவரும் எதிரி நாட்டவர் ஆயினர். முசோலினியால் பள்ளிகளை இழந்தவர், முசோலினியின் நாட்டவர் என்பதற்காகவே கட்டுப்பாட்டிற்கு உள்ளானார். மரியோ அகமதுநகர்க் காவல் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மாண்டிசோரி அடையாற்று வளாகத்தைவிட்டு வெளியேற அனுமதிக்கப்படவில்லை. பேரக்குழந்தைகளோ ஜெர்மனி கைப்பற்றிய நெதர்லாந்தில் இருந்தனர்.

அவ்வாண்டு ஆகஸ்டு 31 அன்று அவருடைய எழுபதாம் பிறந்தநாள். அன்று அரசப் பிரதிநிதியிடமிருந்து தந்தி ஒன்று வந்தது. பிறந்தநாள் பரிசாக அவர் மகனை விடுவிப்பதாக அது தெரிவித்தது. அந்நாளைய சமூகக் கட்டுப்பாடுகளால் மரியோ பிறரிடம் வளர்ந்தவர். உலகத்தார் அவரை உறவினர் என்றே அறிந்திருந்தனர். மகன் என்னும் உறவை வெளிப்படையாக ஏற்ற அத்தந்தி அத்தாய்க்கு இரட்டை மகிழ்ச்சியளித்தது.

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கிய அவர், இந்திய, ஐரோப்பியக் குழந்தைகள் ஒன்றாகப் பயின்ற சிறு பள்ளியை நடத்தினார். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன அதில் துணைநின்றார். செடி, பூச்சி, நீர், கல் ஆகியவற்றை உற்றுநோக்கிய குழந்தைகள், உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதை அறிந்தனர். இவ்வுண்மையை உணர்ந்த குழந்தை பிற நாட்டாரைப் பகைவராக எண்ணாது என்று மாண்டிசோரி நம்பினார். அண்டக் கல்வி என்னும் அவருடைய கோட்பாடு நம் மலைமண்ணில்தான் முதிர்ச்சி பெற்றது.

விட்டுச்சென்ற வினா

1946இல் ஐரோப்பா திரும்பிய அவர், 1947இல் மீண்டும் அடையாறு வந்து 1949 வரை தொண்டாற்றினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய ஆசிரியர்கள் அவரிடம் நேரடியாகப் பயிற்சி பெற்றனர். அவரின் புகழ்பெற்ற நூல்கள் சில அடையாற்றிலிருந்தே வெளிவந்தன. 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நோபல் அமைதிப் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1952 மே 6 அன்று நெதர்லாந்தின் நோர்ட்வைக் நகரில் அவர் மறைந்தார்.

இன்று அவர் பெயர் தாங்கிய பள்ளிகள் பலவற்றில், வசதி படைத்தோரின் பிள்ளைகளே பயில இயலும் நிலை உள்ளது. சான் லோரென்சோவின் ஏழைக் குழந்தைகளுக்காகத் தோன்றிய கல்வி, காந்தியடிகள் விரும்பியவாறு எல்லாக் குழந்தைகளையும் சென்றடையும் நாளே அவர் பணி நிறைவுறும் நாள். அதுவரை, குழந்தையை மதிக்கும் ஒவ்வொரு வகுப்பறையும் ஓலைக்கொட்டகையில் அவர் தொடங்கிய பயிற்சியின் தொடர்ச்சியே ஆகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்பறையில் எழும் சிறு பூசல்களைத் தண்டனையின்றித் தீர்க்கும் வழிகளைக் குழுவாகக் கலந்துரையாடுக.
2. அமைதி என்பது நீதியின்மேல் கட்டப்படும் மனித உறவு என்னும் கருத்தை உங்கள் ஊர் நிகழ்வு ஒன்றைக்கொண்டு விளக்குக.
3. ஊரிலுள்ள அங்கன்வாடிக்குச் சென்று, குழந்தைகள் தாமே கற்கும் முறைகளை உற்றுநோக்கிக் குறிப்பெழுதுக.