கண்ணாடிக்குள் ஒரு சோலை

இலண்டன் மாநகரின் கீழைப் பகுதியில், வெல்குளோஸ் சதுக்கத்தில், நத்தானியேல் பாக்சா வார்டு என்னும் மருத்துவர் வாழ்ந்துவந்தார். 1791-ஆம் ஆண்டில் பிறந்த அவர், பதின்மூன்றாம் வயதில் கப்பலேறி ஜமைக்காத் தீவுக்குச் சென்றார். அங்குக் கண்ட பசுமை அவர் நெஞ்சை விட்டு அகலவேயில்லை. தந்தையாரைப்போலத் தாமும் மருத்துவரான பின்னரும் செடிகொடிகளையே நாடினார்.

தம் வீட்டு முற்றத்தில் கற்களை அடுக்கி, அவற்றின்மீது நீர் கசியச் செய்து, பெரணி, பாசி, பிரிம்ரோஸ் முதலிய மென்மையான செடிகளை நட்டார். சுற்றிலும் தொழிற்சாலைகள், பகலிலும் கரும்புகை கவிந்திருந்தது. செடிகள் ஒவ்வொன்றாக வாடி மடிந்தன. வார்டு மனமுடைந்தார்.

1829-ஆம் ஆண்டில் அந்துப்பூச்சி ஒன்றின் வளர்ச்சியைக் காண விரும்பி, அதன் கூட்டுப்புழுவை ஈரமண்ணில் பொதிந்து, அகன்ற வாயுடைய கண்ணாடிக் குப்பியிலிட்டு மூடிவைத்தார். பூச்சி வெளிவருமுன்பே அம்மண்ணில் ஒரு சிறு பெரணியும் ஒரு புல்லும் தலைகாட்டின! முற்றத்தில் எவ்வளவு பேணியும் பிழைக்காத இனம், எவரும் பேணாமலே இங்கு முளைத்தது எவ்வாறு? வார்டு குப்பியை உற்றுநோக்கினார். பகல் வெப்பத்தில் மண்ணின் ஈரம் ஆவியாகி மேலெழுந்தது. கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து துளிகளாகி, மீண்டும் மண்ணையே அடைந்தது. புகையும் புழுதியும் உள்ளே புகவில்லை. நேர்வெயில் படாத வடதிசைச் சாளரத்தின் வெளியே வைக்கப்பட்ட அக்குப்பியில், ஒரு துளி நீரும் ஊற்றாமலே, அவ்விரண்டும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்தன. புல் ஒருமுறை பூக்கவும் பூத்தது. வார்டு வெளியூர் சென்றிருந்தபோது மூடி துருப்பிடித்து, மழைநீர் உட்புகுந்தமையால் அவை அழிந்தன.

பின்னர் அவர் பெரிய கண்ணாடிப் பெட்டிகளைச் செய்வித்துப் பலவகைச் செடிகளை வீட்டினுள் வளர்த்தார். பெட்டி ஈரத்தைக் காக்கும்; ஒளியை உண்டாக்காது. ஆதலின் நிழல் விரும்பும் பெரணிகள் மங்கிய மூலையிலும் செழிக்கும்; பூஞ்செடிகளுக்கோ சாளர ஒளி வேண்டும்.

1833-ஆம் ஆண்டில் இரண்டு பெட்டிகள் செடிகளுடன் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் சென்றன. கடல் உப்புக்காற்றிலும் நன்னீர்ப் பஞ்சத்திலும் செடிகள் மடிவதே அக்காலத்து வழக்கம். இவையோ சிட்னி நகரை உயிருடன் அடைந்தன. திரும்பும் வழியில் அந்நாட்டுச் செடிகள் அப்பெட்டிகளில் ஏறின. கொம்பு முனைப் பனியையும் நிலநடுக்கோட்டு வெப்பத்தையும் தாங்கி, 1834-ஆம் ஆண்டிலே இலண்டனில் பசுமையாக வந்திறங்கின. 1842-இல் இம்முறையை விளக்கி வார்டு ஒரு நூல் வெளியிட்டார். காற்றும் ஒளியும் குன்றிய குடியிருப்புகளில் வாழும் ஏழை மக்களுக்கும் இப்பெட்டி பசுமையைத் தரவேண்டும் என்பது அவர் விருப்பம். செல்வர் மாளிகைகளே அதை முதலில் வரவேற்றன.

சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இப்பெட்டிகளிலேயே இமயமலைச் சாரலை அடைந்தன. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினா தரும் சின்கோனாக் கன்றுகள், தென் அமெரிக்காவிலிருந்து 1861-ஆம் ஆண்டில் நம் நீலகிரிக்கு வந்து சேர்ந்ததும் இவ்வாறே. அப்பொழுது வார்டு எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்தார். பின்னும் ஏழாண்டுகள் வாழ்ந்து, 1868-இல் காலமானார்.