கதவு தட்டிய கல்விமான்

அமெரிக்க நாட்டிலே பிலடெல்பியா என்றொரு பெருநகரம் உண்டு. அந்நாட்டின் விடுதலைப் பிரகடனம் பிறந்த ஊர். மனிதர் அனைவரும் சமம் என்று 1776-ல் எழுதிக் கையொப்பமிட்ட மண்டபம் இன்றும் அங்கே நிற்கிறது. அந்த மண்டபத்திலிருந்து நடந்தே சென்றடையும் தொலைவில், நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, இளைஞர் ஒருவர் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். கையிலே காகிதக் கட்டு. இந்த வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, வாடகை என்ன, கூலி என்ன, கழிப்பறை உண்டா, குளிக்க இடம் உண்டா என்று கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார்!

யார் அவர்? கணக்கெடுக்க வந்த குமாஸ்தாவா? கடன் வசூலிக்க வந்தவரா? இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். கறுப்பினத்தாரில் அப்பட்டத்தை அங்கே முதன்முதல் பெற்றவர். டபிள்யூ. இ. பி. டூபாய்ஸ் என்பது அவர் பெயர்.

1868 பிப்ரவரி 23-ல், மாசசூசெட்ஸ் மாநிலத்திலே கிரேட் பாரிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். அடிமை முறையை ஒழித்த உள்நாட்டுப் போர் முடிந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. தந்தை குடும்பத்தை விட்டுப் பிரிந்தார். பாடுபட்டு வளர்த்த தாயும் 1885-ல் மறைந்தார். ஊரார் திரட்டித் தந்த பொருளுதவியோடு, டென்னசி மாநிலத்துக் கறுப்பினத்தார் கல்லூரியான பிஸ்கில் சேர்ந்தார். விடுமுறைகளிலே குக்கிராமம் சென்று, கொத்தடிமைபோல் கிடந்த உழவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். பிறகு ஹார்வர்டு. அங்கே வகுப்பில் இடமுண்டு. ஆனால் அவர் குடியிருந்தது மாணவர் விடுதியில் அல்ல, கறுப்பினக் குடும்பமொன்றின் வீட்டில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில்! அறிவுக்கு வாசல் திறந்தாலும், அண்டை வீடு திறவாது என்ற பாடத்தை அந்த அறையே அவருக்குச் சொல்லிற்று.

ஜெர்மனி சென்று பெர்லினில் பயின்றார். 1895-ல் டாக்டர் பட்டம். இத்தனை படித்தவரை எந்தப் பெரிய பல்கலைக்கழகமாவது பேராசிரியர் ஆக்கிற்றா? ஆக்கவில்லை! 1896-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அழைத்தது. எதற்கு? பாடம் சொல்ல அல்ல. பிலடெல்பியா நகரின் ஏழாவது வார்டில் வாழும் கறுப்பினத்தாரை ஆராய்ந்து அறிக்கை தர. பதவிப் பெயரோ, உதவிப் போதகர்!

அந்த அழைப்பின் பின்னணியை அறிந்துகொள்ள வேண்டும், தோழர்களே! நகரிலே ஊழல் மலிந்திருந்தது, குற்றம் பெருகியிருந்தது. அதற்குக் காரணம் கறுப்பினத்தாரும் அவர்களது வாக்குகளுமே என்று கனவான்கள் பலர் முன்கூட்டியே முடிவு கட்டியிருந்தனர். தீர்ப்பு எழுதியாகிவிட்டது, சாட்சி சொல்ல ஒரு படிப்பாளி தேவை. டூபாய்ஸ் சாட்சி சொன்னார். ஆனால், அவர்கள் எதிர்பார்த்த சாட்சியை அல்ல!

புதுமணத் தம்பதியர் இருவரும், அந்த வார்டின் மிக மோசமான மூலையிலே, ஒரே அறையில் குடியேறினர். அடுக்களை வாடையும் தெருச் சண்டையும் நடுவே வாழ்ந்துகொண்டு, ஆறு வகைப் படிவங்களைத் தாமே தயாரித்து, சுமார் 2,500 குடும்பங்களைத் தாமே நேரில் கண்டார். உதவிக்கு ஆள் வைக்கவில்லை. வார்டு மக்கள் மாலை போட்டா வரவேற்றனர்? எங்களை விநோதப் பிராணிகள் போல் ஆராய வந்தாயோ என்று முகம் சுளித்தவரும் உண்டு. அந்தச் சுளிப்பிலும் நியாயம் இருப்பதை உணர்ந்தவராய், பொறுமையோடு தெருத் தெருவாக நடந்தார்.

லண்டன் மாநகரின் வறுமையைத் தெருவாரியாக வண்ணம் தீட்டிக் காட்டியவர் சார்லஸ் பூத். அந்த வழியைப் பின்பற்றி, ஏழாவது வார்டின் ஒவ்வொரு வீட்டுக்கும் டூபாய்ஸ் நிறம் தீட்டினார். கறுப்பினத்தார் என்றால் ஒரே கூட்டம், ஒரே குணம் என்று எண்ணியவர்கள் படத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டியதாயிற்று. வசதி படைத்தோர், உழைத்துப் பிழைப்போர், வறியோர், குற்றத்தில் விழுந்தோர் என நான்கு படிகள்! நாணயமான ஆசிரியரின் வீட்டுக்குப் பக்கத்துச் சந்திலே திருடர் கூடம். ஏன்? ஆசிரியர் வேறு தெருவுக்குப் போக விரும்பவில்லையா? விரும்பினாலும் அங்கே வீடு கொடுப்பார் இல்லை!

1899-ல் வெளிவந்தது அவரது நூல், பிலடெல்பியா நீக்ரோ என்ற தலைப்பிலே. அது காட்டிய உண்மைகள் யாவை?

ஏழாவது வார்டில் இருந்த கறுப்பினத்தார் 9,675 பேர். கணக்கெடுத்த 2,441 குடும்பங்களில், குளியலறையும் கழிப்பறையும் கிடைத்தவை வெறும் 334. இந்த லட்சணத்து வீடுகளுக்கு வாடகை குறைவா? இல்லை, வெள்ளையர் தருவதைவிட அதிகம்! வெள்ளையர் தெருவில் கதவு சாத்தப்பட்டிருக்கிறது, குடியிருக்கக் கிடைக்கும் வீடுகளோ சில, கேட்பவரோ பலர். வீட்டுக்காரனும் தரகனும் வைத்ததே விலை. வேலையோ, பணக்காரர் மாளிகையிலே சமையல், சலவை, ஏவல். அதிகாலையில் போய் நள்ளிரவில் திரும்பும் வேலைக்காரி, நகரின் கோடியில் குடியிருக்க முடியுமா? மாளிகைக்கு அருகே இருந்தாக வேண்டும். அருகே இருந்தால் வாடகை கொல்லும். கூலி போதாது. ஆகவே இருக்கும் இரண்டொரு அறைகளில் ஒன்றை அந்நியருக்கு விடுவார்கள். ஒண்டுக் குடித்தனம்! நெருக்கடி, நோய், சச்சரவு. இவ்வளவையும் உண்டாக்கி வைத்துவிட்டு, பார், இவர்கள் எவ்வளவு அசுத்தமாக வாழ்கிறார்கள் என்று சுட்டுவிரல் நீட்டுவது மேட்டுக்குடி!

உழைப்பாளித் தோழர்கள் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்றும் அந்நூலில் உண்டு. கைத்தொழில் கற்ற கறுப்பினத்தாரைத் தொழிற்சங்கங்களே வெளியில் நிறுத்தின. முதலாளி தள்ளினான் என்றால் ஆச்சரியமில்லை. உடனுழைக்கும் தோழனே தள்ளினான். ஆனால் மிட்வேல் எஃகு ஆலையிலே கறுப்பரையும் வெள்ளையரையும் கலந்து வேலைக்கு வைத்தார் ஒரு நிர்வாகி. அவரைக் கிறுக்கர் என்றனர். கலகம் வந்ததா? வரவில்லை, வேலை நடந்தது. இதையும் எழுதி வைத்தார் டூபாய்ஸ்.

நூலில் குறையும் உண்டு. ஏழைகளுக்கு ஒழுக்கம் போதிக்கும் வாத்தியார் குரல் சில இடங்களிலே தூக்கலாகக் கேட்கிறது. எனினும், நிறத்தின் மீது சுமத்தப்பட்ட பழியை எடுத்து, வாடகையின் மீதும் கூலியின் மீதும் ஒதுக்கலின் மீதும் வைத்தவர் அவர். பல்கலைக்கழகம் பலனைப் பெற்றுக்கொண்டது. பணி முடிந்ததும் அவருக்குப் பேராசிரியர் நாற்காலி தரவில்லை.

அட்லாண்டா சென்று ஆசிரியப் பணி ஏற்றார். உண்மையை எடுத்துக் காட்டினால் உலகம் திருந்தும் என்று நம்பியிருந்தவரை 1899-ல் ஒரு செய்தி உலுக்கிற்று. சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை வெறிக்கும்பல் எரித்துக் கொன்றது. அவர் உடலின் துண்டு கடையிலே காட்சிக்கு வைக்கப்பட்டது! புள்ளிவிவரம் மட்டும் போதாது, போராட்டமும் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1909-ல் கறுப்பினத்தார் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் அமைய முன்னின்றார். 1910 முதல் அதன் ஏடான கிரைசிஸ் அவர் கையில். ஆராய்ச்சியாளர் ஏட்டாளர் ஆனார்!

அதே 1910-ல் பால்டிமோர் நகரம், வெள்ளையர் மிகுந்த தெருவில் கறுப்பினத்தார் குடியேறக் கூடாதென்று சட்டமே இயற்றிற்று. லூயிவில் நகரின் அத்தகைய சட்டத்தை எதிர்த்துச் சங்கம் வழக்காடி, 1917-ல் உச்ச நீதிமன்றத்திலே வென்றது. சட்டம் செத்தது, சாதுரியம் சாகவில்லை! வீட்டுப் பத்திரத்திலேயே, கறுப்பினத்தாருக்கு விற்கமாட்டேன் என்று நிபந்தனை எழுதினர். 1925-ல் டெட்ராய்ட் நகரிலே ஆசியன் ஸ்வீட் என்ற கறுப்பின மருத்துவர், வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கினார். கும்பல் சூழ்ந்து கல்லெறிந்தது. வீட்டுக்குள்ளிருந்து துப்பாக்கி வெடித்தது. வெளியே ஒருவர் மாண்டார். வீட்டிலிருந்தோர் மீது கொலை வழக்கு! சங்கம் நிதி திரட்டிற்று, கிளாரன்ஸ் டாரோ வாதாடினார். 1926-ல் மருத்துவரின் தம்பியை ஜூரிகள் விடுவித்தனர்.

1930-களிலே அரசாங்கமே நகரங்களுக்கு வண்ணம் தீட்டிற்று. வீட்டுக் கடன் நிறுவனம் வரைந்த படங்களில், கறுப்பினத்தார் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு. கடனுக்கு உகந்த இடமன்று என்று பொருள்! டூபாய்ஸ் வண்ணம் தீட்டியது நோயை அறிய. இவர்கள் தீட்டியது மருந்தை மறுக்க.

1934-ல் சங்கத்தோடு அவருக்கே பிணக்கு. சுவர் விழும்வரை கைகட்டிக் காத்திராமல், சுவருக்கு உள்ளேயே கூட்டுறவும் கடையும் பள்ளியும் கட்டி வலிமை பெறுவோம் என்றார். அது சுவரை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றது சங்கம். விலகினார். யார் சொன்னது சரி? சுவரை இடிக்கவும் வேண்டும். இடிக்கும் கைகளுக்கு உணவும் வேண்டும். ஒதுக்கப்பட்ட மக்கள் எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் இந்தக் கேள்வி உண்டு.

1946-ல் அவருக்கு ஒரு கடிதம் போயிற்று. எழுதியவர் அண்ணல் அம்பேத்கர். ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பினத்தார் அளித்த விண்ணப்பத்தின் படிகளைக் கேட்டிருந்தார். பரிவோடு பதில் எழுதினார் டூபாய்ஸ். கடல்கள் குறுக்கே கிடந்தும், ஒரு சேரியின் வலி மறு சேரிக்குப் புரிந்தது!

முதுமையிலும் அவரை விட்டுவைத்தார்களா? அமைதி இயக்கத்தில் ஈடுபட்டதற்காக, 1951-ல் எண்பத்து மூன்று வயதில் குற்றவாளிக் கூண்டு. வழக்கு நிற்கவில்லை. எனினும் 1952 முதல் 1958 வரை கடவுச்சீட்டு மறுத்தனர். 1961-ல் கானா நாடு சென்றார். 1963 ஆகஸ்டு 27-ல், அக்ரா நகரிலே, தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்தார். மறுநாள் வாஷிங்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உரிமை கேட்டுத் திரண்டனர். அந்த மேடையிலே அவர் மறைவு அறிவிக்கப்பட்டது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம் பார்ப்பதைத் தடுக்கும் கூட்டரசுச் சட்டம் 1968-ல், மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்ட ஒரு வாரத்தில் நிறைவேறிற்று. முதல் கதவைத் தட்டி எழுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு!

தோழர்களே! வாக்குக் கேட்க நாமும்தான் கதவு தட்டுகிறோம். துண்டறிக்கை கொடுத்துவிட்டு அடுத்த வாசலுக்கு ஓடுகிறோம். ஒரு நிமிடம் நில்லுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை அறை, கூலியில் எவ்வளவு வாடகைக்குப் போகிறது, எந்தத் தெருவில் வீடு கேட்டு இல்லையென்று திருப்பினார்கள் என்று கேளுங்கள். கேட்டதைக் குறித்து வையுங்கள். குறித்ததை மன்றத்திலே பேசுங்கள். அந்த மூன்றையும் தனியொருவராய்ச் செய்தார் டூபாய்ஸ். நாம் பல்லாயிரம் பேர் இருக்கிறோம்!