ரவுட்டர், மதர்போர்டு, டேட்டா பாக்கெட்... தமிழில் முடியுமா? 1916-லேயே சேலத்தில் வேலையைத் தொடங்கிய ராஜாஜி!

மல்லசமுத்திரம் பக்கம் தமிழ் மீடியத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிளஸ் டூ பசங்களிடம் கேட்டுப் பாருங்க. ஹார்டுவேருக்கு வன்பொருள், மெமரிக்கு நினைவகம் என்று டக்குனு சொல்லிடுவாங்க. ரவுட்டரைத் திசைவி என்று எழுதினாலும் பேச்சில் ரவுட்டர்தான். டேட்டா பாக்கெட் வந்தால் பொதியா, பொட்டலமா என்று குழப்பம்.

இந்தத் தலைவலி கம்ப்யூட்டரோடு வந்தது கிடையாது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்தான். அதற்கு முன் இந்த ஊரெல்லாம் சேலம் மாவட்டம். அந்தச் சேலத்தில் ஒரு வக்கீல் 1916-லேயே இந்த வேலையில் இறங்கிவிட்டார். அவர்தான் ராஜாஜி.

யார் இந்த வக்கீல்?

ஓசூர் அருகே தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10-ல் பிறந்தவர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி. பெங்களூரிலும் சென்னையிலும் படித்துவிட்டு 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். நன்றாகச் சம்பாதித்தார். 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரும் ஆனார்.

அதற்கு முந்தைய வருஷம் அவர் ஆரம்பித்ததுதான் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம். வேதியியல், இயற்பியல், கணிதம், வானியல், உயிரியல் சொற்களுக்குத் தமிழ் தேடுவதுதான் வேலை. அன்றைக்கு உயர்கல்வி முழுக்க ஆங்கிலத்தில். தமிழில் பாடம் நடத்தலாம் என்று ஒருவர் துணிந்தாலும், ஒரு வாத்தியார் ஒரு சொல்லும் அடுத்த வாத்தியார் வேறு சொல்லும் சொன்னால் மாணவன் கதி? இரண்டு கம்ப்யூட்டர் பேச ஒரே புரோட்டோகால் வேணும் இல்லையா, அதே கதைதான்.

சங்கத்தின் பெயரைக் கவனிச்சீங்களா? சாஸ்திரம், பரிபாஷை இரண்டுமே வடசொல். அந்தத் தலைமுறையில் பலருக்கு அது இயல்பு. தனித்தமிழ் வேகம் எடுத்த பிறகு பரிபாஷை போய் கலைச்சொல் வந்தது, ரசாயனம் போய் வேதியியல் வந்தது. ஆனால் ராஜாஜி விடவில்லை. பள்ளிக்கூடம் போகாதவருக்கும் வேதியியல் புரிய வேண்டும் என்று பிற்பாடு அவர் எழுதிய புத்தகத்துக்கு வைத்த பெயர், திண்ணை ரசாயனம்.

இடையில் 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு. அங்கிருந்து வந்த விமோசனம் பத்திரிகையில் அவருக்குத் துணையாக இருந்தவர் கல்கி.

அப்புறம் நடந்தது?

தமிழில் அறிவியல் முடியும் என்று இறங்கிய அதே மனிதர், 1937-ல் சென்னை மாகாணப் பிரதமர் ஆனதும் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். மாகாணமே கொதித்தது. கைதான நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் உயிரிழந்தார்கள். 1940-ல் அந்த உத்தரவு வாபஸ் ஆனது. 1965 போராட்டத்தின்போது ராஜாஜியே இந்தித் திணிப்பை எதிர்க்கும் பக்கம் நின்றார். ஆனாலும் தமிழ்நாட்டின் நினைவில் 1938 ராஜாஜிதான் முன்னால் நிற்கிறார், 1916 ராஜாஜி இல்லை. அது நியாயமும்தான், உயிர்கள் போயிருக்கின்றன. அதற்காகச் சேலத்துச் சங்கத்தை மறக்கணுமா என்பது வேறு கேள்வி.

1948-ல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல், 1952 முதல் 1954 வரை சென்னை மாநில முதல்வர், 1954-ல் பாரத ரத்னா. 1972 டிசம்பர் 25-ல் 94 வயதில் மறைந்தார். இன்றைய இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட் அப்போது அமெரிக்காவில் ஓடத் தொடங்கி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. டேட்டா பாக்கெட்டுக்குத் தமிழ்ச் சொல் யாருக்கும் தேவைப்படாத காலம்.