பாட்டில் எழுதிய வரலாறு: சி. வி. வேலுப்பிள்ளையை நினைத்தல்

மலையக மக்களின் வரலாற்றை அரச ஆவணங்களிலும் தோட்டக் கம்பனிகளின் கணக்கேடுகளிலும் மட்டும் தேடுவோர் பாதி வரலாற்றையே காண்பர். எழுத்தறிவு மறுக்கப்பட்ட தலைமுறைகள் தமது துயரையும் சினத்தையும் எள்ளலையும் பாட்டிலேயே பதிந்து வைத்தன. அந்தப் பாட்டுக்களைத் தேடித் திரட்டி அச்சேற்றியவர்களுள் முன்னிற்பவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. பாராளுமன்ற உறுப்பினர், தொழிற்சங்கவாதி, நாவலாசிரியர் என்று அவருக்குப் பல முகங்கள் உண்டு. எனினும், நாட்டார் பாடல்களைக் காத்தவர் என்ற முகமே இன்று அதிகம் நினைக்கப்பட வேண்டியது என நாம் கருதுகின்றோம்.

1914ஆம் ஆண்டு வட்டகொடையை அண்மிய மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த அவர், அட்டனிலும் கொழும்பிலும் கல்வி கற்று ஆசிரியராகப் பணிபுரிந்தார். 1934இல் மகாகவி தாகூர் இலங்கைக்கு வந்தபோது, இருபது வயது நிரம்பாத அந்த இளைஞர் தாம் ஆங்கிலத்தில் எழுதிய விஸ்மாஜினி என்னும் இசை நாடகத்தை அவரிடம் கையளித்தார். அக்கால இளைஞர் பலரைப் போல இவரையும் தாகூரின் ஒளி ஈர்த்தது. ஆனால் அவரது எழுத்துக்குப் பின்னர் உரமாக அமைந்தது லயத்து வாசலில் கேட்ட தெம்மாங்கும், தாலாட்டும், ஒப்பாரியும், பிரட்டுக்கு அழைக்கும் தப்பொலியுமே ஆகும்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. தலவாக்கலைத் தொகுதியில் வெற்றி பெற்றவர் வேலுப்பிள்ளை. தொண்டமானும் அப்துல் அஸீஸும் தலைமை ஏற்று நடத்திய அந்த இயக்கத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே அணியில் நின்றனர் என்பதை இன்றைய தலைமுறை அறிந்திருக்க வேண்டும். ஆயினும் அந்த வெற்றியின் ஆயுள் குறுகியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் மறு ஆண்டு வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கி, அவர்களது வாக்குரிமையையும் பறித்தன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்களின் குரலாகப் பாராளுமன்றம் செல்ல எவரும் தெரிவாகவில்லை.

ஆசனம் போனதும் ஓய்ந்துவிடுபவர் அரசியலில் பலர். வேலுப்பிள்ளை ஓயவில்லை. 1950களின் முற்பகுதியில் வெளிவந்த அவரது ஆங்கில நெடுங்கவிதை தேயிலைத் தூரின் அடியில் புதைந்து போன தொழிலாளியை உலகின் முன் நிறுத்தியது. சக்தீ பாலையா அதனைத் தேயிலைத் தோட்டத்திலே என்ற பெயரில் தமிழுக்குத் தந்தார். வீடற்றவன், இனிப் படமாட்டேன் ஆகிய நாவல்களும், 1970இல் ஆங்கிலத்தில் வெளிவந்த உழைக்கப் பிறந்தவர்கள் பற்றிய சித்திரங்களும் அவரது பெயரை நிலைநிறுத்தின.

இவற்றுக்கெல்லாம் மகுடமாக 1983இல் வெளிவந்தது மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்னும் தொகுப்பு. கோப்பிக் காலத்தில் காட்டு வழியே நடந்து வந்து மடிந்தோரின் நினைவு, பெற்ற கடன் தீராத பெருமூச்சு, கங்காணியின் கொடுமை, துரையின் அதிகாரம், கொழுந்து மலையில் அரும்பும் காதல் ஆகியன மலைநாட்டுப் பாடல்களின் பொருள். தொழிலாளி நேரில் சொல்லத் துணியாததைப் பாட்டில் துணிந்து சொன்னான். முறைப்பாடு செய்ய இடமில்லாதவனுக்குப் பாட்டே முறைப்பாட்டுப் புத்தகமாக இருந்தது. அந்தத் தொகுப்பு வெளிவந்த ஆண்டிலேயே ஜூலை வன்செயல் மலையகத்தையும் சுட்டெரித்தது. மறு ஆண்டு, 1984 நவம்பரில், வேலுப்பிள்ளை காலமானார்.

தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைநாட்டிலும் இதையொத்த பணி நடந்தது. பெரு நாட்டின் இசையமைப்பாளர் தானியேல் அலோமியா ரொப்லெஸ் மலைக் கிராமங்களில் அலைந்து பழங்குடியினரின் நூற்றுக்கணக்கான மெட்டுக்களைத் திரட்டினார். 1913இல் லிமாவில் மேடையேறிய இசை நாடகத்தில் சுரங்கத் தொழிலாளருக்கும் அந்நிய முதலாளிகளுக்கும் இடையிலான மோதலுக்கு அவர் இசையமைத்தார். அதில் ஒரு மெட்டு பின்னர் உலகெங்கும் ஒலித்தது. பெரு அதனைத் தன் தேசியச் சொத்தாக ஏற்றுக் கொண்டது.

நமது நாட்டிலும் சூரிய சேனா போன்றோர் சிங்களக் கிராமியப் பாடல்களைத் தேடி மேடையேற்றினர். அது போற்றத்தக்க பணியே. ஆனால் தேசிய இசை எது என்ற விவாதத்தில் கொழுந்து மலையின் பாட்டு எண்ணப்படவில்லை. பாடுபவருக்கே குடியுரிமை இல்லாதபோது பாட்டுக்கு யார் குடியுரிமை தருவர்? 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழி இந்தியா சென்ற குடும்பங்களோடு அப்பாடல்கள் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றன. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. பாட்டின் நிலை மட்டும் அப்படியே இருக்கிறது.

இங்கு ஒரு குறையையும் நாம் சொல்லியாக வேண்டும். ரொப்லெஸ் இசைக் கலைஞர். மெட்டைக் குறித்து வைத்தார். வேலுப்பிள்ளை கவிஞர், சொல்லைக் காத்துத் தந்தார். மெட்டோ பாடியவர்களின் தொண்டையிலேயே தங்கிவிட்டது. காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். இளைஞர் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். ஒரு முதியவர் கண் மூடும்போது பல மெட்டுக்கள் அவரோடு மண்ணுக்குள் போகின்றன.

மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். நடைப்பயணம் முடிந்தது, ஆனால் பணி முடியவில்லை. கொட்டகலை ஸ்ரீபாத கல்விக் கல்லூரியின் ஆசிரிய மாணவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் தோட்டத்தில் ஒரு முதியவரிடம் பத்துப் பாடல்களையேனும் மெட்டுடன் ஒலிப்பதிவு செய்தால், சில ஆண்டுகளில் பெரும் களஞ்சியம் உருவாகும். கைத்தொலைபேசி இல்லாத லயம் இன்று அரிது. எனவே கருவி இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. தொழிற்சங்கங்களும், பாடத்திட்டம் வகுப்போரும், வசதி படைத்த மலையக வர்த்தகர்களும் இதற்குக் கை கொடுக்க வேண்டும்.

வேலுப்பிள்ளைக்கு விழா எடுப்பது எளிது. அவர் பாதியில் விட்ட வேலையைத் தொடர்வதே அவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.